பழைய மோட்டார்ப் படங்களும் இன்றைய இரசனையும்

பழைய மோட்டார்க் கார்களின் படங்களையும் வரலாற்றையும் தேடித் திரட்டி, முகநூலிலும் புலனத்திலும் பகிர்ந்து மகிழ்வோர் இன்று நம்மிடையே பெருகியுள்ளனர். கோலா சுங்கை பாருவில் கடற்காற்று வீசும் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருக்கும் முதியவரும் கைப்பேசியைத் திறந்தால் போதும். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மோரிஸ் மைனரும், அதற்கு முன் 1922 முதல் 1939 வரை வெளிவந்த ஆஸ்டின் செவனும் அவர் உள்ளங்கையில் வந்து நிற்கின்றன. கோவையிலும் சென்னையிலும் உள்ள கார் அருங்காட்சியகங்களை நேரில் சென்று காண இயலாதவர்க்கு இது பெரும் பேறு. இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குதல் முறையன்று. ஆயினும், இரசனை என்று ஒன்று இருக்குமாயின் அதனை எடைபோடும் திறனாய்வும் வேண்டும் அன்றோ?

முதலில் நிறையைக் கூறுவோம். ஒருவர் படத்தை இடுகிறார். மற்றொருவர் முன்விளக்கின் வடிவைக் கண்டு ஆண்டை உரைக்கிறார். வேறொருவர் எண் பலகையில் 'எம்' என்னும் எழுத்தைக் கண்டு, வண்டி மலாக்காவில் பதிவானது என்கிறார். வண்டியின் முன்புறம் தொங்கும் இரும்புக் கைப்பிடியைச் சுட்டி, அது எதற்கு என்று இளைஞர் ஒருவர் வினவுகிறார். மின்சாரத்தால் இயந்திரத்தை முடுக்கும் முறையைக் காடிலாக் நிறுவனம் 1912ஆம் ஆண்டு வண்டிகளில் பொருத்தியது. அதற்கு முன் ஓட்டுநர் அக்கைப்பிடியைச் சுழற்றியே வண்டியைக் கிளப்ப வேண்டியிருந்தது. இயந்திரம் எதிர்த்து உதைத்தால் கையெலும்பு முறிவதும் உண்டு. இச்செய்தியை அறிந்தபின் அதே படத்தைக் காணும் கண் வேறாகிவிடுகிறது. முன்பின் அறியாத பலர் கூடி ஒரு படத்தைப் படித்துப் பொருள் காண்பது, புலவர் பலர் கூடி ஒரு பாடலுக்கு உரை காண்பதை ஒத்தது எனலாம்.

குறைகளும் உள. நிறமற்ற பழம்படத்துக்குக் கணினியின் துணையால் நிறமூட்டும் வழக்கம் அவற்றுள் ஒன்று. ஃபோர்டு மாடல் டி வண்டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்பனைக்கு வந்தது. அதற்குச் செந்நிறம் பூசிக் காட்டினால் கண்ணுக்கு விருந்தாகலாம், வரலாறு ஆகாது. ஊரும் ஆண்டும் குறியாமல் படத்தை உலவ விடுவதோ அதனினும் பெரிய குறை.

ஆனால், இவற்றைக் காட்டிலும் ஆழ்ந்த குறையொன்று நம் பார்வையிலேயே உள்ளது. குதிரைத்திறன் எவ்வளவு, உருளைகள் எத்தனை, உரிமையாளர் யார் என்று படக்குறிப்புகள் விரிவாகப் பேசுகின்றன. டயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மலாக்காத் தமிழர்க்கு அந்த டயரே பேசவேண்டிய பொருள். 1896இல் தான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். மலாயாவின் வாணிக இரப்பர்த் தோட்டங்களுக்கு மலாக்கா மண்ணே தொட்டில். 1908இல் தோன்றிய மாடல் டி, 1927இல் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடியைக் கடந்திருந்தது. அத்தனை வண்டிகளும் இரப்பர்ச் சக்கரத்தில் ஓடின. 1910இல் இரப்பர் விலை விண்ணை முட்டியது, காடுகள் வீழ்ந்தன, கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். வைகறையில் பிரட்டுக்களத்தில் நின்று, பால்வாளி சுமந்து நிரை நிரையாய் மரம் சீவியவர் உழைப்பு, நியூயார்க்குத் தெருவிலும் இலண்டன் தெருவிலும் உருண்டோடியது. மிகப் பழைய படங்களில் டயர்கள் வெளிறிய நிறத்தில் இருப்பதை உற்று நோக்குவோர் காணலாம். கரித்தூள் கலந்து டயரைக் கறுப்பாக்கி உறுதியூட்டும் முறை பரவியது பின்னரே. அந்த வெளிறிய டயரில் பால் மரத்தின் சாயல் இன்னும் மறையாதிருக்கிறது.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளின் படங்களைப் பார்க்குங்கால் இக்குறை மேலும் உறுத்துகிறது. பளபளக்கும் வண்டிகள், தொப்பியணிந்த துரைமார், வெண்ணிறத் தூண்கள் கொண்ட பங்களாக்கள். அதே ஆண்டுகளில்தான் இரப்பர் விலை வீழ்ந்து, கூலி குறைக்கப்பட்டு, தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய்த் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். படத்தின் ஓரத்தில் கதவைப் பற்றியபடி நிற்கும் ஓட்டுநரின் பெயரைக் குறிப்பதில்லை. வண்டியின் பெயரை மட்டும் தவறாது குறிக்கின்றனர்! சடக்கு போட்டவர்களோ படத்துக்குள்ளேயே வரவில்லை.

தோட்டத் தமிழரிடம் படங்களே இல்லை என்பதும் பொருந்தாது. கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா வட்டாரத்து இல்லங்களின் தகரப் பெட்டிகளில், மாலை சூட்டிய மணமகன் ஊர்தி, தோட்டத்து லாரி, தவணை கட்டி வாங்கிய முதல் மோரிஸ் ஆகியவை மங்கிய தாளில் உறங்கக்கூடும். ரோல்ஸ் ராய்ஸ் படத்துக்குக் குவியும் விருப்பக்குறிகள் இவற்றுக்குக் கிட்டாமல் போகலாம். ஆனால், இவற்றுக்கு மட்டுமே உரை சொல்லத்தக்க பாட்டனார் இன்னும் சிலர் நம்மிடையே உளர். இரப்பர் நிரைகளைச் செம்பனை விழுங்கிவிட்டது. லயங்கள் பல இடிந்தன. வண்டியை ஓட்டியவர் யார், யாருடைய திருமணம், எந்தச் சடக்கு என்று அவர்களைக் கேட்டு எழுதிய படக்குறிப்பு, ஆயிரம் குதிரைத்திறன் கணக்குகளினும் மதிப்புடையது. படத்தின் முன்புறத்தைப் படியெடுப்போர் பின்புறத்தையும் படியெடுத்தல் நன்று. நிழற்படக் கூடத்தின் முத்திரையும், யாரோ பென்சிலால் எழுதிவைத்த தேதியும் அங்கே இருக்கக்கூடும்.