முடியும் பாட்டும்

குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் ரெங்கம். ரப்பர்த் தோட்டங்களால் வளர்ந்த ஊர். இத்தகைய ஊர்களுக்கு நகரத்து நாகரிகம் பாட்டோடு வந்தது. பாட்டோடு சேர்ந்து முடியும் வந்தது. அம்முடியைப் பெரியோர் மிகப் பழித்தனர், ஆராய்ந்தவர் சிலரே.

1960களில் பீட்டில்ஸ் குழுவினரின் எதிரொலியாக மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'பாப் யே யே' என்னும் மலாய்க் கித்தார் இசை எழுந்தது. எம். ஒஸ்மான், ஏ. ரம்லி போன்றோர் அதில் புகழ் பெற்றனர். நெற்றியில் விழும் முடியும் இறுகிய காற்சட்டையும் இளைஞர்தம் கோலமாயின. ஆயின், தமிழ் இளைஞர் பலருக்கு இக்கோலம் எளிதில் கைகூடவில்லை. சுருட்டை முடி நெற்றியில் விழாது. எண்ணெய் தடவிப் படிய வைத்தாலும் காய்ந்தவுடன் எழுந்து நிற்கும். பிறர் தலையைத் தன் தலையில் ஏற்ற முயல்வோனின் இடர்ப்பாடு இது.

இவ்விடர்ப்பாட்டுக்கு விடை பினாங்கிலிருந்து வந்தது. லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தார் 'அல்லிகேட்ஸ்' குழுவில் பாடினர். 1970களில் ஹாங்காங் சென்று பாடிய இக்குழு, பின்னர் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் பெயர் பெற்றது. தலையைச் சுற்றி உருண்டு திரண்டு நின்ற 'ஆஃப்ரோ' முடியே அவர்களின் அடையாளம். அது அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் இயற்கை முடியை மறைக்க மறுத்து வளர்த்த கோலம். எனவே அதனை வெறும் போலி என்று தள்ளுதல் பிழை. எண்ணெயும் சீப்பும் அடக்கி வைத்திருந்த சுருளை அது விடுவித்தது; கடன் வாங்கிய கோலமே ஆயினும், சுருட்டை முடிக்காரன் தன் தலையை மறைக்க வேண்டியிருக்கவில்லை. தமிழர் பிள்ளைகள் மலாயில் பாடியே புகழ் பெற்றனர் என்ற குறை வேறு. அதை முடியின்மேல் ஏற்றுதல் முறையன்று.

நிற்க. ஆஃப்ரோவைப் பழித்த பெரியோர் பலர் 'கிராப்பு' வைத்தவர்கள். அந்தக் கிராப்பும் ஒரு காலத்தில் குடுமிக்காரரிடம் வசை வாங்கியதே!

அடுத்து 1980களில் ராக் இசை வந்தது. தோள் தொடும் முடி, கறுப்புச் சட்டை, உயர்ந்த சப்பாத்து ஆகியவற்றோடு திரிந்த இளைஞரை 'மாட் ராக்' என்றனர். இவ்வலையின் முதன்மைக் குழுவான 'சர்ச்' 1981இல் ஜொகூர் பாருவில் தோன்றியது. ரெங்கத்து இளைஞனுக்கு இது அயல்நாட்டுப் பொருளன்று. தன் மாநிலத்துத் தலைநகரின் பொருள். 1992இல் நீள்முடிப் பாடகர் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றலாகாது என்று தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட் தடை விதித்தார். அவரும் ஜொகூர்க்காரரே. சர்ச் குழுவின் ஏமியும் 'விங்ஸ்' குழுவின் அவியும் முடியை வெட்டிக்கொண்டனர்.

இத்தடை நீதியானதா? பாட்டின் சொல் தீதெனின் சொல்லைத் தடுக்கலாம். ஒழுக்கம் தீதெனின் ஒழுக்கத்தைக் கண்டிக்கலாம். இங்கோ இரண்டையும் ஆராயாமல் கத்தரிக்கோல் தீர்ப்புச் சொல்லிற்று. சிங்கப்பூரும் 1970களில் நீள்முடி ஆடவரை அரசு அலுவலகங்களில் வரிசையின் கடைசிக்கு அனுப்பியது. லெட் செப்பலின் குழுவினருக்கு 1972இல் அங்கே முடியின் பொருட்டே நுழைவு மறுக்கப்பட்டது.

லோகநாதன் 2007இல் மறைந்தார். இன்று அவர் குரலை வானொலியில் கேட்கும் இளையோருள், அவர் தலைமுடி எப்படி இருந்தது என்று அறியாதவரும் உளர்.