ப்ரோக்ரெசிவ் ராக்கின் பிறப்புச் சான்றிதழில் விடுபட்ட பெயர்கள்

முதல் ப்ரோக்ரெசிவ் ராக் ஆல்பம் எது? இசைப் பித்தர்கள் இரண்டு பேர் இருக்கும் இடத்தில் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போதும் சண்டை முடிந்திருக்காது. ஒருவர் 1969 அக்டோபரில் வந்த கிங் கிரிம்சனின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' என்பார். இன்னொருவர் 1967 நவம்பரில் வந்த மூடி ப்ளூஸின் 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' என்பார்.

யார் ஜெயித்தாலும் எனக்குச் சம்மதம்தான். என்னை உறுத்துவது வேறு. இரண்டு தரப்புமே கேள்வி கேட்காமல் ஒத்துக்கொள்ளும் ஒரு கதை இருக்கிறது: அறுபதுகளின் இறுதியில் பிரிட்டிஷ் இளைஞர்கள் கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸை விட்டு விலகி, பாக், திவோர்ஷாக் என்று ஐரோப்பியச் செவ்வியல் இசைப் பக்கம் போனார்கள், அதில் பிறந்ததுதான் ப்ரோக். நீண்ட பாட்டு, மாறும் தாளம், கிட்டாரை ஓரங்கட்டிவிட்டு நடுவில் வந்து உட்காரும் கீபோர்ட், எல்லாம் அங்கிருந்து வந்தவை. ரசிகர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பிடிக்காதவர்கள் இதையே குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். ஆனா கதை ஒண்ணுதான். அது பாதிதான் உண்மை.

இந்த ஆட்கள் 1964-66ல் என்ன வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். மூடி ப்ளூஸ் பர்மிங்காம் நகரத்து ரிதம் அண்ட் ப்ளூஸ் குழு. 1965 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த அவர்களுடைய 'கோ நவ்', பெஸ்ஸி பேங்க்ஸ் என்ற அமெரிக்க சோல் பாடகி ஏற்கெனவே பாடி வெளியிட்ட பாட்டு. ப்ரோகோல் ஹாரம் குழுவின் கேரி ப்ரூக்கர் அதற்கு முன் சவுத்எண்ட் ஊரில் பாரமவுன்ட்ஸ் என்ற குழுவில் இருந்தார். அவர்களுக்குக் கிடைத்த ஒரே சின்ன வெற்றி, கோஸ்டர்ஸ் என்ற கறுப்பினக் குழுவின் 'பாய்சன் ஐவி'யை மறுபடி பாடியது. கீத் எமர்சன் கேரி ஃபார் அண்ட் த டி-போன்ஸ் என்ற ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுவில் வாசித்தவர். ஹாமண்ட் ஆர்கன் மேல் அவருக்கு ஆசை வந்ததே ஜாக் மெக்டஃப் வாசித்த 'ராக் கேண்டி'யைக் கேட்டுத்தான். மெக்டஃப் கறுப்பின ஜாஸ் ஆர்கன் கலைஞர்.

எமர்சனின் அடுத்த குழு த நைஸ். ப்ரோக் வரலாறு எழுதுகிற எல்லோரும் இந்தக் குழுவை முன்னோடி என்பார்கள். அது எப்படித் தொடங்கியது என்பதை ஒரு வரியில் கடந்துபோவார்கள். பி. பி. அர்னால்ட் லாஸ் ஏஞ்சலிஸ்காரர். ஐக் அண்ட் டினா டர்னர் குழுவில் பின்பாட்டுப் பாடியவர். 1966ல் அந்தக் குழுவோடு லண்டன் வந்து, அங்கேயே தங்கித் தனியாகப் பாட ஆரம்பித்தார். அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்க 1967ல் சேர்த்த நான்கு பேர்தான் த நைஸ். அவர் மேடைக்கு வருவதற்கு முன்னால் கூட்டத்தைச் சூடேற்றுவதும் அவர்கள் வேலை. அந்த முன்னுரை நேரத்தில்தான் எமர்சன் தன் சேட்டைகளைச் செய்து பார்த்தார். ஆக, ஒரு கறுப்பின சோல் பாடகிக்காகக் காத்திருந்த ஜனங்கள்தான் ப்ரோக்கின் முதல் ரசிகர்கள். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

த நைஸின் முதல் ஆல்பத்தில் 'ரோண்டோ' என்று ஒன்று இருக்கிறது. ஆர்கன் பாய்ந்து பாய்ந்து வரும், இன்றைக்கும் கேட்டால் உட்கார்ந்திருக்க முடியாது. அதன் மூலம் டேவ் ப்ரூபெக்கின் 'ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்', 1959ன் ஜாஸ் ஆல்பமான 'டைம் அவுட்'டில் உள்ளது. துருக்கித் தெருக் கலைஞர்களிடம் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தை வைத்து ப்ரூபெக் அதைக் கட்டினார்: தக தக தக தகிட. த நைஸ் அதை என்ன செய்தார்கள்? நேராக நாலு எண்ணிக்கைக்கு இழுத்துவிட்டார்கள்! சிக்கலான தாளத்துக்குப் பேர்போன ப்ரோக்கின் முதல் புகழ்பெற்ற வாசிப்புகளில் ஒன்று, ஜாஸிலிருந்து எடுத்த சிக்கலான தாளத்தை நிமிர்த்தி எளிமையாக்கியதுதான். ஆல்பத்தில் இயற்றியவர்கள் என்று குழுவினர் நால்வர் பெயரும் இருந்தது, ப்ரூபெக் பெயர் இல்லை. எனக்கு 'ரோண்டோ' ரொம்பப் பிடிக்கும். இருந்தாலும் இது சரியில்லைங்க.

'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' விஷயத்துக்கு வருவோம். 1967 மே மாதம் வந்தது, பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம். பாக்கின் மெட்டை எடுத்து ராக்கில் வைத்தார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் பாக்கின் எந்த மெட்டும் அதில் அப்படியே இல்லை. படிப்படியாக இறங்கும் பேஸ் பாக்கை ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஆர்கனை மனசில் ஒதுக்கிவிட்டு ப்ரூக்கரின் குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள். பெர்சி ஸ்லெட்ஜ் 1966ல் பாடிய 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' பக்கத்து வீட்டிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். அதே நடை, அதே இழுப்பு. சோல் பாட்டுக்கு மேலே பாக் சாயலில் ஒரு ஆர்கன் போர்த்தியிருக்கிறது.

அந்த ஆர்கன் ஒலியும் சும்மா வந்ததில்லை. ஹாமண்ட் ஆர்கன் 1935ல் சந்தைக்கு வந்தபோது, குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் அதை வாங்கின. அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் அது பாட்டோடு சேர்ந்து அழவும் கத்தவும் பழகியது. ஐம்பதுகளில் ஜிம்மி ஸ்மித் அதை ஜாஸ் கிளப்புக்குக் கொண்டுவந்தார். சுழலும் லெஸ்லி ஸ்பீக்கரில் நடுங்கும் அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் லண்டனில் அதை வாசித்தது. மேத்யூ ஃபிஷரின் விரல்கள் பாக்கை நினைத்திருக்கலாம், ஒலி வந்த வழி வேறு. (இந்த ஆர்கன் மெட்டுக்காக ஃபிஷர் வழக்குப் போட்டு, 2009ல் பிரபுக்கள் சபை வரை போய், பாட்டின் உரிமையில் 40 சதவீதம் வாங்கினார். அது தனிப் பதிவுக்கான கதை.)

சரி, 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்'? அதில் முழு ஆர்கெஸ்ட்ராவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் தனித்தனியாகப் பதிவானவை. பீட்டர் நைட் எழுதி நடத்திய ஆர்கெஸ்ட்ரா பெரும்பாலும் பாட்டுகளுக்கு நடுவே இணைப்புப் பாலமாக வருகிறது. அந்த இடங்கள் பழைய சினிமாவின் பின்னணி இசை மாதிரி இருக்கின்றன. நான் பொறுத்துக்கொண்டுதான் கேட்கிறேன். 'நைட்ஸ் இன் வைட் சாட்டின்' பாட்டுக்குள் உருக்குகிற வயலின்கள் ஆர்கெஸ்ட்ரா இல்லை. அது மைக் பிண்டர் வாசிக்கும் மெல்லோட்ரான்.

பர்மிங்காமில் தயாரான மெல்லோட்ரானில் கட்டைக்கு ஒரு ஒலிநாடா. அதில் நிஜ வயலினோ புல்லாங்குழலோ பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் எட்டு விநாடியில் தீர்ந்துவிடும்; விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவை இழுத்துக்கொள்ளும், மறுபடி அழுத்தணும். நிறையக் கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மோட்டார் திணறி ஸ்ருதி லேசாகத் தொய்யும். ப்ரோக்கின் 'பிரம்மாண்டம்' என்று நாம் சொல்வது பாதி இந்தத் திணறல்தான். எமர்சன் ஹாமண்டின் கட்டைகளுக்கு நடுவே கத்தியைச் செருகி ஒலியை நிற்கவிடாமல் பிடித்துவைப்பார். பிண்டருக்கு அந்த வசதி கிடையாது, எட்டு விநாடிக்குள் அடுத்த இடத்துக்குப் போயாக வேண்டும்.

பிண்டர் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர், அதன் குணம் தெரிந்தவர். அவருக்கும் முன்னால், 1965லேயே, மெல்லோட்ரானை ராக் பதிவுக்குள் கொண்டுவந்தவர் கிரஹாம் பாண்ட். யார் அவர்? ஹாமண்ட் ஆர்கனை வைத்து ரிதம் அண்ட் ப்ளூஸ் வாசித்தவர். மறுபடியும் அதே கிளப், அதே கூட்டம்.

என் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிட வேண்டும்: கிங் கிரிம்சன். ராபர்ட் ஃப்ரிப் போர்ன்மத் ஹோட்டலில் நடன இசை வாசித்தவர், இயன் மெக்டொனால்ட் ராணுவ இசைக்குழுவில் பயின்றவர். 'எபிடாஃப்' பாட்டில் மெக்டொனால்டின் மெல்லோட்ரான் எழும்பும்போது ப்ளூஸின் வாசனை துளியும் இல்லை. விலகிப் போன கதை உண்மையாகவே நடந்த இடம் இது. ஆனால் அதே ஆல்பம் தொடங்குவது '21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்' பாட்டில். அதன் நடுப்பகுதியில் சாக்ஸபோனும் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றாகப் பாய்ந்து, ஒன்றாக நின்று, மறுபடி பாய்கின்றன. அது சிம்பொனி அரங்கில் கற்றது இல்லை, ஜாஸ் பேண்ட் பழக்கம். ('மூன்சைல்ட்' பாட்டின் கடைசிப் பத்து நிமிடத்தை நான் இப்போதும் தாண்டித்தான் போகிறேன். மன்னிக்கவும்.)

நேரம் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். முதலில் ஜாக் மெக்டஃபின் 'ராக் கேண்டி', அடுத்து ப்ரூபெக்கின் 'ப்ளூ ரோண்டோ', அதன் பிறகு த நைஸின் 'ரோண்டோ'. இதே வரிசையில் கேளுங்கள். மூன்றாவதில் எமர்சனின் வலது கை ஓட ஆரம்பிக்கும் இடத்தில், முதல் பாட்டு திரும்ப வந்த மாதிரி உங்களுக்கும் தோணுதான்னு கமெண்ட்ல சொல்லுங்க.