தேசிய அரசா, பேரரசா? ஐரோப்பிய ஒருங்கிணைப்பு குறித்த ஆலன் மில்வர்டின் கோட்பாடு: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

நாடுகளின் அரசியல் ஒருங்கிணைப்பு தேசிய அரசை நலிவுறச் செய்யவில்லை. அதனை மீட்டெடுத்தது என்பது பொருளாதார வரலாற்றாசிரியர் ஆலன் மில்வர்டின் கருத்தாகும். 1957ஆம் ஆண்டின் உரோம் ஒப்பந்தத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு, அக்கருத்தின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: தேசிய அரசு, இறையாண்மை, ஒருங்கிணைப்பு, பேரரசு, உரோம் ஒப்பந்தம், அல்சீரியா.

முன்னுரை

எர்ன்ஸ்ட் ஹாஸ் 1958இல் வெளியிட்ட 'ஐரோப்பாவின் ஒன்றிணைவு' என்னும் நூல், ஒரு துறையில் தொடங்கும் கூட்டுறவு பிற துறைகளுக்கும் பரவும் என்றும், மக்களின் பற்று மெல்ல மெல்லப் புதிய மையத்தை நோக்கித் திரும்பும் என்றும் வாதிட்டது. 1992இல் வெளிவந்த மில்வர்டின் 'தேசிய அரசின் ஐரோப்பிய மீட்பு' இவ்வெதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. எனினும், மீட்கப்பட்டதாக அவர் கூறும் அரசு எத்தகையது என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

மில்வர்டின் வாதம்

இரண்டாம் உலகப் போரில் பல ஐரோப்பிய அரசுகள் தம் குடிமக்களைப் படையெடுப்பிலிருந்து காக்கத் தவறின. போருக்குப் பின் வேலைவாய்ப்பு, உழவர் வருவாய், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றை உறுதிசெய்தே அவை மக்களின் ஏற்பை மீண்டும் பெற வேண்டியிருந்தது. தனித்து நிறைவேற்ற இயலாதவற்றைக் கூட்டாக நிறைவேற்றிக்கொண்டன என்பதே மில்வர்டின் விளக்கம். 1951இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்வழி உருவான ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகத்தில், குறைந்த செலவில் நிலக்கரி எடுத்த நாடுகளிடம் திரட்டிய தொகை பெல்சியச் சுரங்கங்களுக்கு உதவியாகச் சென்றதை அவர் சான்றாக்குகிறார். 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகத் திட்டத்தைக் கைவிட்டதும் இவ்விளக்கத்திற்குப் பொருந்துகிறது. அரசின் தேவைக்கு உதவாத இடத்தில் ஒருங்கிணைப்பு தானாகப் பரவவில்லை. இவ்வகையில் ஹாஸின் கோட்பாட்டைவிட மில்வர்டின் கோட்பாடு வரலாற்றுக்கு நெருக்கமானது.

ஒப்பந்தத்தின் நிலப்பரப்பு

ஆயினும், 1957 மார்ச் 25 அன்று உரோமில் கையெழுத்திட்ட ஆறு நாடுகளும் தேசிய அரசுகளாக மட்டும் அங்கு வரவில்லை. பிரான்சும் பெல்சியமும் ஆப்பிரிக்காவில் காலனிகளை ஆண்டன. நெதர்லாந்து நியூகினியின் மேற்குப் பகுதியைத் தன்வசம் வைத்திருந்தது. சோமாலியாவின் ஒரு பகுதி இத்தாலியின் பொறுப்பாட்சியில் இருந்தது. இவை அனைத்தையும் ஒப்பந்தத்தின் நான்காம் பகுதி பொருளாதாரச் சமூகத்துடன் இணைத்தது. அவற்றின் வளர்ச்சிக்கென ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 58 கோடி கணக்கு அலகுகளில் 51 கோடிக்கு மேற்பட்டவை பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளுக்கு உரியவை. அந்நிதிக்குப் பிரான்சு அளித்ததும் 20 கோடி. காலனிகள் இல்லாத மேற்கு செருமனி அளித்ததும் 20 கோடி.

அல்சீரியாவின் நிலை இன்னும் நுட்பமானது. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த அந்நிலத்தை ஒப்பந்தத்தின் 227ஆம் பிரிவு பெயர்சுட்டிக் குறிப்பிட்டது. சரக்குகளின் தடையற்ற நகர்வு, போட்டி விதிகள் முதலியவை அங்கு உடனே செல்லுபடியாகும் என்றது. தொழிலாளரின் தடையற்ற நகர்வு அப்பட்டியலில் இல்லை. சட்டப்படி பிரான்சின் பகுதியாகக் கருதப்பட்ட நிலத்தின் பொருள்கள் உள்ளே வரலாம். உழைப்போரின் உரிமையோ பின்னர் முடிவுசெய்யப்படும். தேசத்தின் எல்லை எதுவரை என்பதை இத்தகைய விதிகளே வரையத் தொடங்கிவிட்டன.

மதிப்பீடு

மில்வர்டின் தரப்பில் ஒரு மறுப்பு எழக்கூடும். அக்காலப் பொருளாதார வளர்ச்சிக்கு மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான வணிகமும் மேற்கு செருமனியின் சந்தையுமே உந்துவிசையாக இருந்தன, காலனிகள் அல்ல. இம்மறுப்பு பொருளாதார அளவில் ஏற்கத்தக்கது. ஆனால் அரசின் வடிவம் வணிக அளவால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. பெயோ ஹான்சன், ஸ்டெஃபான் யோன்சன் ஆகியோரின் 'யூராஃப்ரிக்கா' (2014) காட்டுவதுபோல், ஆப்பிரிக்கா அன்றைய ஒருங்கிணைப்புத் திட்டங்களின் உள்ளேயே இடம்பெற்றிருந்தது. 1960இல் காங்கோவும் 1962இல் அல்சீரியாவும் விடுதலை பெற்ற பின்னரே பெல்சியமும் பிரான்சும் இன்று நாமறியும் தேசிய அரசின் உருவை நெருங்கின. ஆகவே முன்பே முழுமையாக இருந்த ஒரு தேசிய அரசை ஒருங்கிணைப்பு மீட்டது என்பதைவிட, பேரரசு கலைந்த நிலையில் தேசிய அரசு உருப்பெறுவதற்கு அது துணைநின்றது என்பதே பொருத்தமாகும்.

முடிவுரை

இறையாண்மையை முதலில் நிறைவாகப் பெற்று, பின்னர் அதனைப் பகிர்ந்துகொள்வதே நாடுகள் வளரும் இயல்பான வரிசை என்னும் எண்ணம் வட்டார ஒன்றியங்கள் பற்றிய ஆய்வுகளில் பரவலாக உள்ளது. ஐரோப்பாவின் வரலாறே அவ்வரிசைக்கு முழுமையாக உட்படவில்லை. அங்கே இறையாண்மையைப் பகிர்தலும் தேசிய அரசு உருவாதலும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. அதே ஆண்டுகளில் தனி இறையாண்மைக்காகப் போராடிய ஆப்பிரிக்க நாடுகளை ஐரோப்பிய அளவுகோலால் அளந்து, ஒருங்கிணைப்பில் பின்தங்கியவை எனக் கூறுவது முறையன்று. அவை எந்த ஒருங்கிணைப்பிலிருந்து வெளியேறின என்பதை முதலில் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.