உருவெளியும் படிமமும்: மட்டாஞ்சேரிச் சுவரோவியங்களை முன்வைத்து

சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழும் அதனைச் சூழ்ந்தெழுந்த புதுக்கவிதை விவாதங்களும் 'படிமம்' என்னும் கலைச்சொல் தமிழ்த் திறனாய்வில் வேரூன்றத் துணைபுரிந்தன. அதன்பின் ஒரு கவிதையை 'மனக்கண்முன் காட்சியை நிறுத்துகிறது' என்று கூறுவதே பாராட்டின் முடிந்த வடிவமாயிற்று. சங்கப் பாடல்களையும் கம்பனையும் ஆராயும் ஏடுகளிலும் இத்தொடர் தயக்கமின்றிப் பயில்கிறது. கற்போர் அனைவர்க்கும் மனக்கண் உண்டு, அதுவும் ஏறத்தாழ ஓரளவினதாக உண்டு என்பது இதனுள் மறைந்து நிற்கும் எடுகோள். அவ்வெடுகோள் ஏற்கத்தக்கதா என்பதே இக்கட்டுரையின் வினா.

வினா எழுந்த இடம் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனை. 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியரால் கட்டப்பெற்றுக் கொச்சி மன்னர்க்கு அளிக்கப்பட்ட இவ்வரண்மனை, 1663இல் டச்சுக்காரர் புதுப்பித்தமையால் டச்சு அரண்மனை எனவும் வழங்குகிறது. பள்ளியறைச் சுவர்களில் தசரதன் வேள்வி தொடங்கி இராமன் அயோத்தி மீள்வது வரையிலான காட்சிகள் இடைவெளியின்றி நிறைந்துள்ளன. கேரளச் சுவரோவிய மரபில் ஓவியன் முதற்கண் தியான சுலோகத்தை ஓதி, தெய்வ உருவை உள்ளத்தில் கண்டு, பின்னரே சுவரில் வரைவான் என்பர்.

பல்லாண்டுகளுக்கு முன் ஆய்வு மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவர்களுள் ஒருவர் கம்பனின் உருவெளிக் காட்சிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஓவியங்களின் முன் நின்றபோது அவர், "ஐயா, இதைக் கண்ணால் காண்கிறேன், கண்ணை மூடினால் ஒன்றும் இல்லை. பாட்டைப் படிக்கும்போதும் அப்படித்தான்" என்றார். அடக்கமாகப் பேசுகிறார் என்றே கொண்டேன். பின்னர் அவர்தம் இயலில், படிமங்களை விளக்காமல் வினைச்சொற்களையும் ஓசையையுமே தொடர்ந்து சென்றிருந்தமை கண்டு, 'சுவையுணர்வு போதாது' எனக் குறித்துத் திருத்தப் பணித்தேன். அவரும் திருத்தினார். காணாத காட்சிகளைக் கண்டதாக எழுதித் தந்தார்.

அவர் கூறியது புதியதன்று. ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன், அன்று காலை உணவருந்திய மேசையை நினைவில் கொணருமாறு பலரையும் வினவி, விடைகளை 1880இல் வெளியிட்டார். சிலர்க்கு அது நேரிற் காண்பது போல் ஒளியுடன் தோன்றிற்று. சிலர்க்கு எதுவுமே தோன்றவில்லை. அறிவியலாளர் சிலர் 'மனக்கண்' என்பதை வெறும் உருவகச் சொல்லாகவே அதுகாறும் கருதியிருந்தனர்! 1973இல் டேவிட் மார்க்ஸ் 16 வினாக்கள் கொண்ட அளவைக் கருவியை அமைத்தார். ஆடம் சீமனும் உடன்பணியாற்றியோரும் 2015இல் உளக்காட்சி இன்மைக்கு 'அஃபான்டேசியா' எனப் பெயரிட்டனர். அளவிடும் முறைக்கேற்ப வேறுபடினும், நூற்றுவரில் 1 முதல் 4 பேர் வரை இந்நிலையினர் எனக் கணிக்கின்றனர். இது அறிவுக் குறையன்று, கலைக்குத் தடையுமன்று. பிக்சார் நிறுவனத்தை உருவாக்கியோருள் ஒருவரான எட் காட்மல் தமக்கு உளக்காட்சி இல்லை என்பதை 2019இல் வெளிப்படுத்தினார். இந்நோக்கில் தியான சுலோகத்தை மீண்டும் கற்றால், அது கைகளின் எண்ணிக்கை, படைக்கலம், நிறம், இருக்கை என நிரல்படக் கூறும் விதித்தொகுப்பாகவும் அமைந்திருத்தல் புலனாகும். உள்ளத்தே உருக் காணாத ஓவியனும் அதனைக் கொண்டு வரைதல் கூடும்.

நம் இலக்கியத்துள் இச்சிக்கலை நேர்நின்று தொட்டவன் கம்பன். ஆரணிய காண்டத்து மாரீசன் வதைப் படலத்தில், சூர்ப்பணகையின் சொல்லை மட்டுமே கேட்ட இராவணன், தான் கண்டிராத சீதையைத் தன்முன் காண்கிறான். ஐயுற்றுத் தங்கையை அழைத்து வினவுகிறான். அவளோ அவ்விடத்தே நிற்பவன் இராமன் என்கிறாள். நான் காண்பது பெண்ணுரு. நீ ஆணுரு என்கிறாயே என அவன் மருள, இடைவிடாது நினைப்போர்க்கு நினைந்த உருவே தோன்றும் என அவள் தெளிவுறுத்துகிறாள். வான்மீகத்தில் இந்நிகழ்ச்சி இல்லை. அகமரபின் உருவெளித் துறையைக் கம்பன் இங்கு இருவர்க்கிடையே நிறுத்தி, ஒரே வெளியில் இரண்டு உருக்களை வைக்கிறான். இதனை ஓவியமாக்க முயல்வோன் இடர்ப்படுவான்: அவ்வெற்றிடத்தில் யாரை வரைவது? சீதையை வரையின் சூர்ப்பணகை பொய்யளாவாள்; இராமனை வரையின் இராவணன் பித்தனாவான். சொல்லோ எதையும் வரையாமலே இருவரையும் மெய்யராக்குகிறது. இருவரும் உருக் காண்போரே, காணும் பொருளில்தான் வேறுபடுகின்றனர் என்பது உண்மை. காணாதார் நிலையைக் கம்பன் பேசவில்லை. ஆயினும் உளக்காட்சி காண்பவனைப் பொறுத்தது, பாட்டில் பொதிந்து கிடப்பதன்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்தினார். கண்ணுக்குரிய வடிவும் நிறமும் பின்னிரண்டே. செயலும் விளைவும் முன்னிற்கின்றன. மெய்ப்பாட்டை ஆராய்தற்குரியோரைக் கூறுமிடத்தும் கண்ணோடு செவியையும் இணைத்தார். 'படிமம்' என்னும் ஒற்றைச் சொல்லால் இந்நான்கையும் மூடியது நம் காலத் திறனாய்வு. (மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அருகிலேயே 1568இல் எழுந்த யூதத் தொழுகைக் கூடத்தில் தெய்வ உருவம் எதுவும் இல்லை, ஓதப்படும் சொல்லே வழிபாடு. இவ்வயன்மை தற்செயலே எனினும் நினைக்கத்தக்கது.)

அம்மாணவரின் திருத்தப்படாத முதற்படி என்னிடம் உள்ளது. இராவணன் காட்சியில் அவன் 'காண்பதை' விட்டு, அழைத்தல், வினவல், மறுத்தல், மருளுதல் என வினைகளின் அடுக்கில் அவர் நடந்து சென்றிருக்கிறார். சூர்ப்பணகையின் விடையை அச்சத்தின்பாற்படுத்தாமல் பழி மறவா நினைவின்பாற்படுத்தியிருப்பது, படிமம் தேடிய என் கண்ணுக்கு அன்று தப்பியது. அவ்வியலை முதற்படியில் இருந்தவாறே வெளியிட அவர்தம் இசைவை வேண்டியுள்ளேன்.