கிருமியின் வம்சாவளி சொல்வதும் சொல்லாததும்

2013 லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஹாரிஸ், பீக்காக் குழுவின் கட்டுரையை எல்லாரும் "மரபணு துப்பறிந்தது" என்றே சொல்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தைதான் நெருடுகிறது.

கதை இதுதான். 2011ல் கேம்பிரிட்ஜ் ரோஸி மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவில், ஆறு மாதங்களில் 12 குழந்தைகளிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. கண்டுபிடித்தார்கள். பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாத கிருமி அது. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்குப் பரவியதா, தனித்தனியாக வந்ததா? எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கும் வழக்கமான சோதனையால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நடுநடுவே ஆளே சிக்காத இடைவெளிகள் வேறு.

இங்கேதான் மரபணு வரிசை கைகொடுத்தது. இந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியில் சுமார் 28 லட்சம் எழுத்துகள். தோராயமாக ஆறு வாரத்துக்கு ஒரு எழுத்து மாறும். ஆக, வித்தியாசம் குறைவு என்றால் உறவு நெருக்கம். அப்படிப் பார்த்ததில் ஒரே வம்சத்தில் 26 பேர்! தாய்மார் வார்டு, வெளியே ஊர் என்று சங்கிலி நீண்டிருந்தது. இது பெரிய சாதனை, சந்தேகமில்லை.

பிறகு வார்டை முழுசாகச் சுத்தம் செய்தார்கள். கடைசிக் குழந்தை போய் 64 நாள் கழித்து மறுபடியும் அதே வம்சம். 154 ஊழியர்களைச் சோதித்ததில் ஒருவரிடம் அது இருந்தது. சிகிச்சை கொடுத்து நீக்கினார்கள்.

"குற்றவாளி சிக்கினார்" என்று இதைப் படிப்பது தப்பு. வரிசை காட்டுவது உறவை. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை அது மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த ஊழியருக்கே ஒரு குழந்தையிடமிருந்து வந்திருக்கலாம் இல்லையா? ஒரே மூக்கில் இருக்கும் கிருமிகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் அவரிடமிருந்து ஒன்றல்ல, 20 காலனிகளை எடுத்துப் படித்தார்கள். கட்டுரையிடம் இருந்த இந்த நிதானம் அதை எடுத்துச் சொன்னவர்களிடம் இல்லை.

இன்னொன்று: அந்த ஊழியரைக் கண்டுபிடித்தது சாதாரணப் பஞ்சுக்குச்சிச் சோதனை. எங்கே தேடணும் என்று சொன்னதுதான் மரபணு. சோதிக்கப்படாத ஆளைப் பற்றி எந்த இயந்திரமும் பேசாது. கிருமியைச் சுமப்பது குற்றம் என்று ஆகிவிட்டால், அடுத்த முறை எந்த நர்ஸ் தானாக முன்வந்து மூக்கை நீட்டுவார்? அவர் ஒதுங்கினால் நஷ்டம் இன்குபேட்டரில் கிடக்கும் குழந்தைக்குத்தான்.