விடை தெரியாமலே மதிப்பெண்

போட்டித் தேர்வுப் பயிற்சியில் இப்போது செல்வாக்காக இருப்பது 'டேட்டா சஃபிஷியன்சி', அதாவது கொடுத்த கூற்றுகள் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கும் வினாக்களுக்கான ஷார்ட்கட். கள்ளக்குறிச்சியில் படிக்கும் பிள்ளைகளின் கைபேசி வரைக்கும் அது வந்துவிட்டது. கணக்கைப் போடாதே, தெரியாதவை எத்தனை, சமன்பாடு எத்தனை என்று எண்ணு, இரண்டும் சமமானால் 'போதும்', இல்லாவிட்டால் 'போதாது' என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போ. இதுதான் பாடம். இதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார்கள். இவ்வகை வினா கணக்குத் திறனைக் கேட்பதில்லை, தர்க்கத்தை மட்டுமே கேட்கிறது. ஆகவே கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து வந்த பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் இதில் ஒன்றுதானாம். பின்னக் கணக்குகளைப் பொறுத்தவரை இந்த நியாயம் அடியோடு தவறு.

வினா வகையின் மேல் எனக்குக் குறையில்லை. கேட்பது என்ன, கையில் இருப்பது என்ன என்று முதலில் பார்க்கவைப்பது நல்ல பயிற்சி. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் சிசாட் தாளில் இரண்டு மணி நேரத்தில் 80 வினாக்கள். தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். அங்கே வீண் பெருக்கலைத் தவிர்ப்பவர் பிழைத்தார்.

ஆனால் எண்ணிப் பார்க்கும் சூத்திரம் பின்னத்திடம் செல்லாது. ஒரு வகுப்பில் 40 பேருக்கும் குறைவு. மொத்தம் எத்தனை பேர்? முதல் கூற்று: ஏழில் இரண்டு பங்கினர் வெள்ளிமலையிலிருந்து வருகிறார்கள். இரண்டாம் கூற்று: மூன்றில் ஒரு பங்கினர் விடுதியில் தங்குகிறார்கள். வெறும் பின்னங்கள்தானே என்று சூத்திரம் 'போதாது' என்றுவிடும். மாணவரைத் துண்டு போட முடியாது. மொத்தம் 7-ஆலும் 3-ஆலும் மீதியின்றி வகுபட வேண்டும். 21 ஒன்றுதான் பொருந்தும், அடுத்தது 42. இரு கூற்றும் சேர்ந்தால் தாராளமாகப் போதும். இன்னொன்று: 3அ = 5ஆ, ஆ பூச்சியமல்ல என்றால் அ/ஆ எவ்வளவு? தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. ஆனாலும் விடை 5/3 என்று உறுதி. மறுபக்கம், அ/2 + ஆ/3 = 1 என்பதும் 3அ + 2ஆ = 6 என்பதும் பார்வைக்கு இரண்டு, உள்ளே ஒன்றே. அவற்றை வைத்து அ-வைக் கண்டுபிடிக்க முடியாது.

விதிவிலக்குகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் தீர்ந்தது என்பார்கள். தீராது. என் மறுப்பு அதைவிட அடிப்படையானது.

ஒருவர் மரவள்ளி விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கை ஜவ்வரிசி ஆலைக்கு விற்றார். மீதியில் நான்கில் ஒரு பங்கைச் சந்தையில் விற்றார். மொத்த மூட்டை எத்தனை? கூற்று: கடைசியில் 12 மூட்டை மிஞ்சியது. சரியாகப் படித்தவருக்கு மிஞ்சியது மொத்தத்தில் கால் பங்கு, விடை 48. 'மீதியில்' என்பதை 'மொத்தத்தில்' என்று படித்தவருக்கு மிஞ்சியது பன்னிரண்டில் ஒரு பங்கு, விடை 144. மூன்று மடங்குப் பிழை! ஆனால் கூற்று போதுமா என்று கேட்டால் இருவரும் 'போதும்' என்றே குறிப்பார்கள், இருவருக்கும் முழு மதிப்பெண். எதன் பங்கு என்று தெரியாதவருக்குத் தெரியும் என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பயிற்சியை நான் எப்படிப் பாராட்டுவேன்?

பின்னத்தில் கற்க வேண்டியதே 'எதன் பங்கு' என்பதுதான். வாரத்துக்கு உழும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது களத்துமேட்டிலேயே தெரியும். 30 மூட்டை நெல்லில் அறுப்புக்கூலி 3 மூட்டை போகும் என்றால், மூன்றில் ஒரு பங்கைக் கூலிக்கு முன் அளந்தால் பத்து, பின் அளந்தால் ஒன்பது. அந்த ஒரு மூட்டைக்காக வீட்டில் சண்டையே நடக்கும். பிள்ளை கூடவே கொண்டுவரும் இந்த அறிவைப் பயன்படுத்தாமல், எண்ணிக் குறி என்று பழக்குவது அநியாயம்.

மலைப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் வாய்ப்பு ஒன்றுதான் என்ற பேச்சும் நிற்காது. சிசாட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்தவர் தடுமாறும் இடமே மொத்தமா மீதியா என்று பிரிக்கும் அந்தச் சிறு சொல்தான். வாக்கியத்தை நிதானமாகப் படிக்கப் பழக்க வேண்டிய நேரத்தில், படிக்காமல் தாண்டப் பழக்குகிறார்கள்.

கள்ளக்குறிச்சியிலும் மலையிலும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான். தேர்வறையில் நேரத்தை மிச்சப்படுத்தட்டும், வகுப்பறையில் வேண்டாம். 'போதும்' என்று சொல்லும் மாணவர் அந்த விடையைக் கண்டு எழுதட்டும். 'போதாது' என்று சொல்பவர், கூற்றுக்குப் பொருந்தும் இரண்டு வெவ்வேறு விடைகளைக் காட்டட்டும். இரண்டும் செய்ய முடியாதவருக்கு ஷார்ட்கட்டைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.