முத்துமாலையும் மரியோ பெப்பரும்

2014 செப்டெம்பர் 22ஆம் திகதி, திங்கட்கிழமை இரவு, அமெரிக்காவின் பொக்ஸ் தொலைக்காட்சி ‘கொதம்’ என்ற தொடரின் முதலாவது அங்கத்தை ஒளிபரப்பியது. அன்றிரவு 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். பெட்மேன் என்ற கொமிக்ஸ் நாயகன் பிறந்து 75 வருஷம் நிறைந்த ஆண்டு அது. ஆனால் தொடரில் பெட்மேன் இல்லை. புரூஸ் வேன் என்ற பணக்காரச் சிறுவன்தான் இருக்கிறான். அவன் வளர்ந்து முகமூடி போட்டு அநியாயக்காரர்களை அடிக்கக் கிளம்புவதற்கு இன்னும் பல வருஷம் கிடக்கிறது. நாயகன் நாயகனாவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லும் இந்த வகையை முன்கதை என்கிறோம்.

அந்த முதல் அங்கத்தைப் பார்வையாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தொடரை விடவும் சுவாரசியமான விஷயமாகப் படுகிறது. ஒரு கதையை மக்கள் எதற்காகப் பார்க்கிறார்கள், எதைப் பார்த்தும் பார்க்காமல் போகிறார்கள் என்பது அதில் துலக்கமாகத் தெரிகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொதம் என்பது ஊழலில் ஊறிப்போன ஒரு கற்பனை நகரம். அங்கே ஒரு சந்தில், புரூஸின் கண் முன்னாலேயே அவனுடைய தாயையும் தகப்பனையும் முகமூடிக்காரன் ஒருவன் சுட்டுக் கொல்கிறான். தாயின் கழுத்து முத்துமாலையும் பறிபோகிறது. புதிதாக வந்த டிடெக்டிவ் ஜேம்ஸ் கோர்டன் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, கொலைகாரனைக் கண்டுபிடிப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அவருடைய கூட்டாளி ஹார்வி புல்லொக் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். பாதாள உலகத்தோடு நல்ல கொடுக்கல் வாங்கல். விசாரணை மரியோ பெப்பர் என்ற ஏழையின் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அவன் ஓடுகிறான். கோர்டன் துரத்துகிறார். இருவரும் மல்லுக்கட்டும்போது புல்லொக் அவனைச் சுட்டுக் கொல்கிறார். அவனுடைய வீட்டில் முத்துமாலை கிடைக்கிறது. நகரம் மூச்சு விடுகிறது. பிறகுதான் தெரியவருகிறது, அந்த மாலையை வேறு ஆட்கள் கொண்டுபோய் வைத்தார்கள் என்று. மரியோ அந்தக் கொலையைச் செய்யவில்லை.

இனிப் பார்வையாளர்களுக்கு வருவோம். அவர்களுடைய வரவேற்பையும் கண்டனத்தையும் நாலு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது வகையினர் மகிழ்ந்துபோனார்கள். நியூயோர்க்கில் படமாக்கப்பட்ட அந்த நகரத்தின் தோற்றம் அவர்களைக் கவர்ந்தது. பழைய மொடல் கார்களும் மடிக்கும் கைத்தொலைபேசிகளும் ஒரே தெருவில் வருகின்றன. எந்தக் காலம் என்றே சொல்ல முடியாத ஓர் ஊர். எல்லாவற்றுக்கும் மேலாக ரொபின் லோர்ட் டெய்லர். தாதாப் பெண் பிஷ் மூனிக்குக் குடை பிடிக்கிற, காலைப் பிடித்துவிடுகிற ஒஸ்வல்ட் கொப்பல்பொட்டாக வந்து, பணிவுக்குள் விஷத்தை வைத்து நடித்தார். பின்னாளில் பெங்குவின் என்ற பெரிய வில்லனாகப் போகிறவன் இவன்தான். இந்த நடிப்பைப் பற்றிப் பெரிதாகக் கருத்து வேற்றுமை இருக்கவில்லை. ஜேடா பின்கெட் ஸ்மித்தின் பிஷ் மூனியைப் பற்றித்தான் இரண்டு கட்சி. சிலருக்கு அவர் திருவிழா, சிலருக்கு மிகை நடிப்பு.

இரண்டாவது வகையினருக்கு நெரிசல்தான் பிரச்சினை. முதல் நாளே இத்தனை பேரையும் ஏன் வரிசையில் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார்கள். பொலிஸ் நிலையத்தில் விடுகதை போட்டுப் பேசுகிற எட்வர்ட் நிக்மா, கூரை மேல் பூனை மாதிரித் திரிகிற செலினா கைல், செடிகளுக்கு நடுவில் நிற்கிற ஐவி என்ற சிறுமி, கிளப்பில் பகிடி சொல்லிக் காட்ட வந்த பெயரில்லாத ஒருவன். அவன்தான் ஜோக்கரோ என்று ரசிகர் மண்டையைப் பிய்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் ஏற்பாடு. ஒவ்வொருவரும் வரும்போது தொடர் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறது: ‘அட, இவன்தானா அவன்!’

மூன்றாவது வகையினர் கணக்குப் பார்ப்பவர்கள். கொமிக்ஸில் ஐவியின் பெயர் பமேலா ஐஸ்லி அல்லவா? வில்லன்களுக்கு இப்போதே இந்த வயது என்றால், புரூஸ் வளர்ந்து வரும்போது அவன் கிழவர்களோடா சண்டை பிடிக்கப் போகிறான்? கிறிஸ்டோபர் நோலன் 2005இல் எடுத்த படத்தில் இளம் கோர்டன் அநாதைச் சிறுவனைத் தேற்றும் காட்சி எவ்வளவு அடக்கமாக இருந்தது என்று ஒப்பிட்டவர்களும் உண்டு.

நாலாவது வகையினரின் கேள்வி அடிப்படையானது. முடிவு தெரிந்த கதையில் என்ன விறுவிறுப்பு? கோர்டன் சாக மாட்டார். பெங்குவின் சாக மாட்டான். கடற்கரை மேடையில் ஒஸ்வல்டைக் கொல்லச் சொல்லிக் கோர்டனை அனுப்புகிறார்கள். அவர் காதோரம் வெடி வைத்துவிட்டு அவனைத் தண்ணீரில் தள்ளித் தப்பவிடுகிறார். அவன் எழும்பி வருவான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் என்னத்துக்குப் பார்ப்பது?

இந்த நாலாவது கேள்வியைத் தமிழ் இலக்கியம் படித்த எவரும் உடனே மறுப்பார். காப்பியம் கேட்டவர்கள் முடிவு தெரியாமலா கேட்டார்கள்? கோவலன் மதுரையில் வெட்டுப்படுவான் என்று தெரிந்துகொண்டுதான் அவன் சிலம்போடு கடைத்தெருவுக்குப் போவதைப் படிக்கிறோம். தெரிந்திருப்பதாலேயே நெஞ்சு பதறுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கும் இது புதிதல்ல. 2001இல் தொடங்கிய ‘ஸ்மோல்வில்’ சுப்பர்மேனின் இளமையைச் சொன்னது. அவன் பறக்கவும் மாட்டான், அந்த உடையைப் போடவும் மாட்டான் என்பது அதைத் தயாரித்தவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட சட்டம். அப்படியிருந்தும் 2011 வரை 10 பருவங்கள் ஓடியது. ஆகவே முடிவு தெரிந்திருப்பது முன்கதையின் குறையல்ல.

குறை வேறிடத்தில் இருக்கிறது. முடிவு தெரிந்தவன் எதிர்காலம் உள்ள ஆட்களை மட்டும் பார்க்கத் தொடங்குகிறான். பெங்குவினாகப் போகிறவன், கெட்வுமனாகப் போகிறவள், பெட்மேனாகப் போகிறவன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைய பெயர் இருக்கிறது. மேலே சொன்ன நாலு வகையினரும் சண்டை பிடித்தது அந்தப் பெயர்களைப் பற்றித்தான். கூடிப்போயிற்று என்றார்கள், நன்றாயிருக்கிறது என்றார்கள், பிழை என்றார்கள். அந்த அங்கத்தில் நாளைய பெயர் இல்லாத மனிசன் ஒருவன் இருந்தான். முழுக் கதையும் சுழல்வது அவனைச் சுற்றி. மரியோ பெப்பர். அவன் அந்தப் பேச்சின் நடுவுக்கு வரவேயில்லை.

பெட்மேனின் பெற்றோர் கொல்லப்பட்ட கதை முதலில் அச்சில் வந்தது 1939இல். அதில் கொலை செய்தவன் பெயரில்லாத தெருத் திருடன். பிற்காலத்தில் அவனுக்கு ஜோ சில் என்று பெயர் வைத்தார்கள். முத்துமாலை அறுந்து சிதறும் காட்சியை 1986இல் பிராங்க் மில்லர் மறக்க முடியாததாக்கினார். பெரும்பாலும் ஆள் அதே ஆள்தான்: ஏழை, சின்னத் திருடன். 75 வருஷமாக வாசகர்கள் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள். புரூனோ ஹெல்லர் எழுதிய இந்த முதல் அங்கம் என்ன செய்தது? நாம் எதிர்பார்த்த அதே ஏழைத் திருடனை, பொலிஸ் பதிவிலே பெயருள்ளவனை, நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. நாமும் இவன்தான் என்று நினைத்தோம். அவன் ஓடினபோது, குற்றவாளி என்றபடியால்தான் ஓடுகிறான் என்றோம். சுட்டார்கள். பிறகு, அவனில்லை என்று சொன்னது. புரூஸ் கண்ட கொலைகாரன் பளபளக்கும் சப்பாத்துப் போட்டிருந்தான். அப்படியொரு சப்பாத்து மரியோவிடம் இல்லை.

இது சின்ன விஷயமல்ல. மரியோவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒன்று தெரியும். இவன் மேல் பழி போட்டால் யாரும் இரண்டாம் கேள்வி கேட்க மாட்டார்கள். கொதம் மக்கள் கேட்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களும் கேட்கவில்லை. அதுவும் எந்தக் காலத்தில்? அதே வருஷம் ஓகஸ்ட் 9ஆம் திகதி, மிசூரி மாநிலத்தின் பெர்கசன் நகரில் மைக்கல் பிரவுன் என்ற, ஆயுதமில்லாத 18 வயதுக் கறுப்பின இளைஞன் பொலிஸ்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டு, அந்த ஊர் கொதித்துக் கிடந்தது. தொடர் ஒளிபரப்பானது ஆறு வாரம் கழித்து. மரியோ வெள்ளையன், கதையும் அதற்கு முன்பே எழுதப்பட்டது. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பொலிஸ் வெடியில் ஒருவன் விழுந்தால் முதலில் அவனுடைய பழைய பதிவைக் கிளறிப் பார்க்கும் பழக்கம் அந்த நாட்டின் வீடுகளுக்குள் பேசுபொருளாக இருந்த நேரம் அது. அந்த நேரத்திலும் ரசிகர்களின் கண் பெங்குவினைத் தேடியது.

வைக்கப்பட்ட பொருளால் நிரபராதி குற்றவாளியாவது பழைய கதை. சிலப்பதிகாரத்தில் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன், தலை கொடுத்தவன் கோவலன். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தபோது உண்மை தெறித்தது, அரசன் அந்த இடத்திலேயே விழுந்தான். இன்னொன்றும் எங்கட வாசகர்களுக்கு ஞாபகம் வரும். சூரத்துன் நிஸாவின் 105ஆம் வசனம் முதலான வசனங்கள் இறங்கிய பின்னணியாகத் தப்ஸீர் நூல்கள் ஒரு சம்பவத்தைச் சொல்கின்றன. மதீனாவில் ஒருவன் கவசத்தைத் திருடினான். அது ஒரு யூதரின் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது. திருடினவனின் கோத்திரத்தார் அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். வந்த வஹி அந்த யூதரை நிரபராதி என்று விடுவித்தது. தான் செய்த குற்றத்தை ஒன்றுமறியாதவன் மேல் சுமத்துகிறவன் எவ்வளவு பெரிய பாவத்தைச் சுமக்கிறான் என்றும் எச்சரித்தது. பழி சுமத்தப்பட்டவர் நம்முடைய ஆளா என்று அங்கே பார்க்கப்படவில்லை.

கொதத்தில் என்ன நடக்கிறது? கோர்டன் நல்லவர். உண்மை தெரிந்ததும் புரூஸின் மாளிகைக்குப் போய்ச் சொல்கிறார்: மரியோ கொல்லவில்லை, கொலைகாரன் இன்னும் வெளியில் திரிகிறான். இதை வெளியில் சொன்னால் பொலிஸ் திணைக்களமே விழும், நல்லவர்களும் சேர்ந்து விழுவார்கள், ஆகவே இரகசியமாக இருக்கட்டும் என்கிறார். சிறுவன் சம்மதிக்கிறான். இரண்டு பிள்ளைகள் இந்தக் கதையில் வாப்பாவை இழந்திருக்கிறார்கள். ஒருவனுக்குப் பக்கத்தில் உட்கார ஆளும், வாக்குறுதியும், கடைசியில் உண்மையும் கிடைக்கின்றன. மற்றவளுடைய வாப்பா ஊர் முழுக்கக் கொலைகாரனாகவே இருக்கிறார். அவள்தான் ஐவி.

ரசிகர்கள் ஐவியைப் பற்றிப் பேசினார்கள், ஆனால் பெயர் மாறிப்போனது பற்றி. பின்னாளில் விஷச் செடிகளால் ஆட்களைக் கொல்லப் போகிறவள் என்ற குறிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் ஏன் அப்படி ஆகக்கூடும் என்பதற்கான காரணம் அதே அங்கத்தில் பிணமாகக் கிடந்தது. தொடரும் அவர்களைப் போலத்தான் நடந்துகொண்டது. ஐவி வளர்வதற்குப் பொறுமையில்லாமல், மூன்றாவது பருவத்தில் மாயம் செய்து அவளைக் குமரியாக்கியது. நடிகை மாறினார். நாலாவது பருவத்தில் இன்னொரு மாற்றம், இன்னொரு நடிகை. வில்லியின் உருவம் விரைவாகக் கிடைத்தது. வாப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையின் துக்கத்துக்குள் போக நேரமில்லை. 2019 ஏப்ரல் 25இல் 100ஆவது அங்கத்தோடு தொடர் முடிந்தது. முகமூடி போட்டவன் வந்து நின்றான். பார்த்தவர்கள் திருப்திப்பட்டார்கள்.

இது வெறும் கொமிக்ஸ், இதில் இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். நான் இல்லாததைத் தேடி எடுக்கவில்லை. முதல் அங்கத்தின் கதை முடிச்சே அதுதான். எழுதியவர்கள் வைத்திருந்தார்கள், பிறகு அவர்களே கண் சிமிட்டல்களால் மூடிவிட்டார்கள். நெரிசல் என்று சொன்ன இரண்டாவது வகையினர் சரியான இடத்துக்குக் கிட்ட வந்தார்கள். ஆனால் அந்த நெரிசலில் மிதிபட்டவன் யார் என்று அவர்கள் குனிந்து பார்க்கவில்லை.

ஆகவே முன்கதையை மதிப்பிட எனக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. முடிவு எங்களுக்குத் தெரியும். அந்த முடிவில் இடமில்லாத ஆட்களைக் கதை என்ன செய்கிறது? இளங்கோ, கண்ணகியின் கையில் ஒற்றைச் சிலம்பைக் கொடுத்து அரச சபைக்கு அனுப்பினார். கொதம், ஐவியின் கையில் ஒரு செடியைக் கொடுத்து எதிர்காலத்துக்கு அனுப்பிவிட்டது. நெட்பிளிக்ஸும் டிஸ்னியும் நம்முடைய வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட காலம் இது. எங்கட பிள்ளைகள் இப்படியான தொடர்களைப் பார்த்து, இவன் பின்னாளில் யார் தெரியுமா என்று உற்சாகமாகச் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்கலாம்: பிழையாகச் சுட்ட அந்த மனிசனுக்கு என்ன ஆனது, அவனுடைய மகளிடம் யார் போய் உண்மையைச் சொன்னது?